கால், கால், அரை: மண்டபம் தடைக்கால வகுப்பு, ஒரு மதிப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். பிளஸ் டூ முடிவு வருவதும், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வீடுகளில் பேச்சு முற்றுவதும் அதே நாட்களில்தான். இந்த இரண்டையும் கணக்கில் வைத்து ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஒரு சிறு வாசகர் குழு எட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறது. பல்கலைக்கழகம் எங்கிருந்து வந்தது, லிபரல் ஆர்ட்ஸ் என்கிற கலைக்கல்வி யாருக்காக உண்டானது, இன்று அதைப் படிப்பதில் என்ன பொருள் என்பதே பாடம். விளம்பரம் வேண்டாம் என்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

கட்டணம் 600 ரூபாய். அதில் 140 பக்க ஜெராக்ஸ் கையேடு, தேநீர் எல்லாம் அடக்கம். இடம் 24 பேருக்கு. காலை 10.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் ஞாயிறு பூசை முடித்து வருகிறவர்களுக்காகவே 10.30. நல்ல முடிவு. கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்பதால் மே மாதத்தில் 12 மணிக்கு மேல் உட்கார முடியாது. ஐந்தாம் வாரம் மட்டும் அந்த நேரத்தில் எல்லோரும் வெளியே வெயிலில் நிற்பதால் வித்தியாசம் தெரியாது.

இப்படிப்பட்ட வகுப்பை எதை வைத்து அளப்பது? நன்னூல் ஒரு அளவுகோல் தந்திருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்கு புலமைதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மற்ற அரைப் பங்கும் தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். பவணந்தி முனிவர் இதை எழுதியது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஏறத்தாழ அதே காலத்தில், 1215இல், பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போப்பின் தூதர் ராபர்ட் தெ கூர்சோன் வகுத்த விதிகளில் கலைப்பிரிவில் பாடம் சொல்ல ஒருவருக்கு 21 வயதாகியிருக்க வேண்டும், ஆறு ஆண்டு கேட்டிருக்க வேண்டும் என்று வருகிறது. இரண்டு இடத்திலும் படித்து முடித்ததற்கு அடையாளம் பாடம் சொல்லத் தெரிவது. மாஸ்டர், டாக்டர் என்ற பட்டப் பெயர்களுக்கு மூலப்பொருளும் ஆசிரியர் என்பதுதான்.

ஆகவே மூன்று மணி நேர வகுப்பில், அதாவது 180 நிமிடத்தில், ஆசிரியர் பேச வேண்டியது 45 நிமிடம். தங்களுக்குள் பேசிப் பார்க்க 45. மாணவர் எடுத்துரைக்க 90. எட்டு வாரத்தையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது முதல் ஐந்தாவது வரையிலான நான்கு வாரமும் எட்டாவது வாரமும் அளவுக்குப் பக்கத்தில் வருகின்றன. ஆறாவதும் ஏழாவதும் தவறிவிட்டன. முதல் வாரம் நடுவில் நிற்கிறது.

முதல் வாரம் பெயர் பற்றியது. யூனிவர்சிடாஸ் என்ற லத்தீன் சொல்லை எல்லா அறிவும் ஒன்றுசேரும் இடம் என்று மேடைகளில் விளக்குவதுண்டு. இடைக்கால ஐரோப்பாவில் அது எந்தத் தொழிற்கூட்டத்துக்கும் பொதுவான சட்டச்சொல். தச்சர்கள் கூட்டும் யூனிவர்சிடாஸ், துணி வணிகர் கூட்டும் யூனிவர்சிடாஸ். இத்தாலியின் போலோனியாவில் கூடியது மாணவர் சங்கம். வெளியூரிலிருந்து சட்டம் படிக்க வந்தவர்கள் வாடகைக்கும் பாதுகாப்புக்கும் ஒன்றுசேர்ந்து ஆசிரியர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். மணி அடித்த பிறகு வந்தாலும், முடிவு மணிக்கு மேல் இழுத்தாலும் ஆசிரியருக்கு அபராதம். ஊரை விட்டு ஒரு நாள் போகவும் மாணவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். பாரிஸில் நிலைமை தலைகீழ், அங்கே ஆசிரியர்கள் சங்கம். 1229இல் ஒரு மதுக்கடைத் தகராறில் மாணவர்கள் கொல்லப்பட்டபோது அந்தச் சங்கம் பாடத்தை நிறுத்திவிட்டு ஊரைக் காலி செய்தது. 1231இல் போப்பாண்டவர் ஆணை வந்த பிறகே நிலைமை சீரானது. குறை தீராவிட்டால் பாடத்தை நிறுத்தும் உரிமையையும் அந்த ஆணை ஒப்புக்கொண்டது. படகைக் கரையில் கட்டித் தொழில்நிறுத்தம் செய்யும் கடற்கரையில் இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. சங்கம் என்றால் என்ன, அது கலைந்தால் என்ன போகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வகுப்பு இந்த இடத்தை நன்றாகவே பிடித்துக்கொள்கிறது.

கழகம் என்ற நம் சொல்லையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். குறளில் அது சூதாடும் இடம். கம்பன் காலத்துக்கு வரும்போது கலை பயிலும் இடம். கூடும் இடம் என்பது மட்டும் மாறவில்லை. அன்றைய மிகச் சிறந்த அரைமணி நேரம் இதுதான்.

கையேட்டில் இந்த வாரத்துக்கான பக்கங்களைத் திருத்தியாக வேண்டும். போலோனியா 1088இல் அரசாணையால் நிறுவப்பட்டது என்று அச்சாகியிருக்கிறது. அப்படி ஓர் ஆணை கிடையாது. 1888இல் எண்ணூறாம் ஆண்டு விழா கொண்டாட வசதியாக, கவிஞர் கார்டூச்சி தலைமையிலான குழு 19ஆம் நூற்றாண்டில் தேர்ந்தெடுத்த ஆண்டு அது. சட்டப்படி முதலில் நிற்பது 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசன் பிரெடெரிக் பார்பரோசா, படிப்புக்காக ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்குத் தந்த பாதுகாப்பு ஆணை. நாளந்தாவா, மொரோக்கோவின் அல் கரவிய்யீனா, போலோனியாவா, எது உலகின் முதல் பல்கலைக்கழகம் என்ற பட்டிமன்றத்துக்கு 40 நிமிடம் போகிறது. 859இல் மசூதியாகத் தொடங்கியதையும், 5ஆம் நூற்றாண்டு பௌத்த விகாரையையும், மாணவர் சங்கத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பரிசு கொடுத்தால் மூன்றும் புரியாமல் போகும். ஒவ்வொன்றிலும் யார் சேர்ந்தார், யார் சோறு போட்டார், படித்து முடித்ததற்குச் சாட்சி எது என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் அந்த 40 நிமிடமும் பயன்பட்டிருக்கும்.

இரண்டாம் வாரம் மூவழி தொடங்குகிறது. ட்ரிவியம் என்ற சொல்லுக்கு மூன்று வழி கூடும் இடம் என்பது பொருள். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை மூன்றும் அதில் அடங்கும். குவாட்ரிவியம் நால்வழி: எண், வடிவியல், இசை, வானியல். கையேடும் மூவழி, நால்வழி என்றே எழுதுகிறது. இந்தச் சொற்கள் நிலைக்கத் தக்கவை. ஆனால் லிபரல் ஆர்ட்ஸ் என்பதைத் தாராளக் கலைகள் என்று எழுதியிருப்பது பெரும் பிழை. லீபெர் என்றால் சுதந்திரன், அடிமை அல்லாதவன். 1ஆம் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவஞானி செனெகா நேராகவே சொல்கிறார்: சுதந்திர மனிதனுக்குத் தக்கவை என்பதால்தான் இவற்றுக்கு அந்தப் பெயர். கையால் உழைத்துக் கூலி வாங்குகிறவனுக்கு இவை உரியவை அல்ல என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இதைத் தாராளம் என்று மொழிபெயர்த்தால் கலைக்கல்வியின் மிகப் பழைய சண்டையே கண்ணில் படாமல் போய்விடும். கடலில் வலை இழுக்கும் கை வகுப்பறையில் பாதி இருக்கும்போது அந்தச் சண்டையை முதல் நாளே மேசையில் வைத்திருக்க வேண்டும்.

இலக்கணப் பயிற்சி எளியது, வலுவானது. ஒரு பத்தியை நான்கு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் படிக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் எது, எந்தச் சொல் எதைத் தழுவுகிறது, ஒரு வேற்றுமை உருபை மாற்றினால் பொருள் எப்படிச் சாயும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அரசாணை, வங்கிக் கடன் பத்திரம், ஒரு பழம்பாட்டு என மூன்று வகைப் பத்தி தருகிறார்கள். கடன் பத்திரம்தான் எல்லோரையும் உட்கார வைக்கிறது. வழக்கமாக நேரும் தவறு ஒன்று உண்டு: பொருள் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் வேகமாகப் போய்விடுவார்கள். அதைத் தடுக்க ஒரு வாக்கியத்துக்கு ஆறு நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று மணி வைத்திருப்பது சரியான ஏற்பாடு.

மூன்றாம் வாரத்துத் தர்க்கப் பயிற்சிதான் இந்த வகுப்பின் உச்சம். பாரிஸ் பள்ளிகளில் நடந்த வாதமுறையை அப்படியே நடத்துகிறார்கள். ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய ஒரு வினா. முதலில், தான் மறுக்கப் போகும் பக்கத்துக்குச் சாதகமான காரணங்களைச் சொல்ல வேண்டும், மூன்றுக்குக் குறையாமல். பிறகு அதற்கு எதிராக நிற்கும் ஒரு சான்று. பிறகு தன் விடை. கடைசியாக, முதலில் சொன்ன மூன்று காரணங்களையும் தனித்தனியே எடுத்து, எங்கே சரி, எங்கே பிசகு என்று பிரித்துக் காட்ட வேண்டும். தமிழ் மாணவருக்கு இது புதிதல்ல. நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில் பிறர் மதத்தை மேற்கொண்டு களைவதும், இருவர் மாறுபட்ட கொள்கையில் ஒன்றைத் துணிவதும் உண்டு. இந்த இணைப்பை வகுப்பே எடுத்துக் காட்டுவது பாராட்டத்தக்கது.

வினாவையும் நன்றாகத் தேர்ந்திருக்கிறார்கள்: கடற்பாசி எடுக்கும் அறிவு கலையா? மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் தண்ணீருக்குள் கைத்தடவலில் பிரித்தறியும் பெண்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்களில் நால்வர் வகுப்பிலும் இருந்தார்கள். காரணம் சொல்லத் தெரிந்தால்தான் கலை, கைப்பழக்கம் மட்டும் போதாது என்பது ஒரு பக்கம். அரிஸ்டாட்டிலிடமிருந்து வரும் வாதம். எந்தப் பாசி எந்தப் பாறையில், எந்த நீரோட்டத்தில், எந்த மாதத்தில் என்று சொல்லத் தெரிந்தவருக்குக் காரணமும் தெரியும் என்பது மறுபக்கம். எதிரியின் பேச்சைத் தன் வாயால் திரும்பச் சொல்லி, அவர் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்ற பிறகே மறுக்கலாம் என்று ஒரு விதி. இந்த ஒரு விதிக்காகவே 600 ரூபாய் கொடுக்கலாம்.

இதில் ஒரே ஒரு பிழை. பாரிஸில் வாதம் ஒரு நாள், ஆசிரியரின் முடிவுரை வேறொரு நாள். கேட்டது எல்லாம் ஊற நேரம் கிடைக்கும். இங்கே இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கிறார்கள். கடைசி இருபது நிமிடத்தில் ஆசிரியர் அவசரமாகத் தீர்ப்புச் சொன்னதும் அதுவரை வாதாடியவர்கள் வாயடைத்துவிடுகிறார்கள். முடிவுரையை நான்காம் வாரத்தின் முதல் அரைமணிக்குத் தள்ளினால் போதும். அந்த முடிவுரையில் செயின்ட் விக்டர் மடத்து ஹியூவைச் சேர்ப்பது அவசியம். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸில் எழுதிய அவர் ஏழு லிபரல் கலைகளுக்கு எதிரே ஏழு கைத்தொழிற் கலைகளையும் வரிசையில் வைத்தார்: நெசவு, ஆயுதமும் கட்டுமானமும், கடல் வாணிபம், உழவு, வேட்டை, மருத்துவம், கூத்து. மீன்பிடிப்பு வேட்டைக்குள் அடங்கும். பெயர் தாழ்ந்தது என்றாலும், இவையும் மெய்யறிவின் பகுதிகளே என்றார். பாசி வினாவுக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே பாதி விடை எழுதியவர் அவர். கையேட்டில் அவர் பெயரே இல்லை.

நான்காம் வாரம் எண்ணும் இசையும். ஒற்றைத் தந்திப் பலகை ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள். 70 செ.மீ. நீளப் பலகை. இரண்டு முனையிலும் நிலையான கட்டைகள், அவற்றுக்கிடையே சரியாக 60 செ.மீ. அதன் மேல் ஒரு கம்பி, கீழே நகர்த்தும் கட்டை ஒன்று. கட்டை 30இல் நின்றால் மேல் குரல். 40 செ.மீ. அதிர்ந்தால் குரலுக்கு இளி, இன்றைய பேச்சில் பஞ்சமம். 45 அதிர்ந்தால் உழை, மத்யமம். 2:1, 3:2, 4:3 என்ற விகிதங்கள் காதுக்குள் விழுகின்றன. எண் படித்தவன் இசையை ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி அந்த நொடியோடு முடிகிறது.

பிசகுவது எங்கே என்றும் சொல்லிவிடலாம். கையில் கிடைக்கிறதே என்று தங்கூசி நரம்பை, அதாவது மீன்பிடி நைலான் இழையைக் கட்டினால் அது இழுபட்டுக்கொண்டே போகும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி இறங்கும். கிட்டார் எஃகுக் கம்பிதான் சரி. நகரும் கட்டை உயரமாக இருந்தால் கம்பியைத் தூக்கி இழுவிசையைக் கூட்டிவிடும். அளவு சரியாக இருந்தும் சுரம் ஏறிக் கேட்பதற்குக் காரணம் அதுதான். நிலைக்கட்டைகளை விட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே உயர்ந்திருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் இந்தக் கடற்காற்றில் ஒரே வாரத்தில் வளைந்துவிடும். முக்கால் அங்குலத்துக்குக் குறையாத தேக்கோ வேம்போ எடுங்கள். படகுத் தச்சரிடம் கழிவுத்துண்டு கேட்டால் கிடைக்கும்.

ஐந்தாம் வாரம் வானம். ஒரு மீட்டர் கம்பை நட்டு நடுப்பகல் நிழலை அளந்து மண்டபத்தின் அட்சரேகையைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்த ஊருக்கு அது மிகப் பொருத்தம். மண்டபம் ஏறத்தாழ 9.3 பாகை வடக்கு. சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து நிழலே விழாத நாள் இங்கே சித்திரை முதல் நாளையொட்டி வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். வகுப்பு நாளில் புதிதாக வந்தவர்கள் வடக்குப் பக்கம் அளவுகோலை வைத்துக் காத்திருந்து ஏமாறுவது இதனால்தான். உச்சிப்பொழுதும் கடிகாரத்தில் 12 மணிக்கு வராது. இந்திய நேரத்தின் அடிப்படைக் கோடு 82.5 பாகையில் இருக்கிறது, மண்டபமோ 79 பாகையை ஒட்டி. ஆகவே மே நடுவில் இங்கே உச்சி 12.10 வாக்கில்.

செய்முறை இப்படி. 11.50 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைத் தரையில் குறியுங்கள். மிகக் குறுகிய நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு 19 பாகை வடக்கே நிற்கும் நாளில், அதாவது மே 15, 16 வாக்கில், நிழல் 17 செ.மீ. வரும். நூறுக்குப் பதினேழு என்ற சரிவுக்குக் கோணம் 9.7 பாகை. 19இலிருந்து அதைக் கழித்தால் 9.3. நேரத்தில் பத்து நிமிடம் தவறினாலும் நீளத்தில் அரை செ.மீ. அளவுதான் பிழை வரும். கம்பு தெற்கிலோ வடக்கிலோ ஒரே ஒரு பாகை சாய்ந்தால் 1.7 செ.மீ. போய்விடும், விடையில் முழுதாக ஒரு பாகை, தரையில் 111 கி.மீ. மண்டபத்தைப் புதுக்கோட்டைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும். ஆகவே தூக்குநூல் கட்டாயம். மே நடுவில் கச்சான் என்ற மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் தூக்குநூலும் ஆடும். ஈயக்குண்டை வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் நிற்கும்.

இந்த ஐந்தாம் வாரத்தில் கணக்கை எடுத்துரைத்தவர்களில் பாதிப் பேர் பள்ளியைப் பாதியில் விட்ட நாட்டுப்படகுக்காரர்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசையைக் காற்றில் படிப்பவர்கள் நிழலிலும் படித்துக் காட்டினார்கள். வானியல் சுதந்திரனுக்கு மட்டும் உரிய கலை என்ற செனெகாவின் கோடு எங்கே அழிகிறது என்பதை அந்த முற்றத்தில் நேரில் பார்க்க முடிந்தது.

இதற்குப் பிறகு ஆறாம் வாரம் வருத்தம் தருகிறது. நாளந்தா, காஞ்சிக் கடிகை என்ற பழைய கல்விக்கூடம், விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரம் ஊரின் சோழர் காலக் கல்லூரி, மதரஸா, பெர்லின், கத்தோலிக்கப் பாதிரியார் நியூமன் எல்லாம் ஒரே நாளில். 180இல் 150 நிமிடம் ஆசிரியரே பேசினார். ஒன்றும் தங்கவில்லை.

இதில் எண்ணாயிரம் மட்டுமே ஒரு நாளைக்குத் தாங்கும். ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அது. 340 மாணவர், அவர்களில் 270 பேர் கீழ்நிலை, 70 பேர் மேல்நிலை. இலக்கணம் தொடங்குகிறவர்களுக்கு ரூபாவதாரம் என்ற வடமொழி இலக்கண நூல், அதற்கு 40 பேர். கீழ்நிலை மாணவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலையில் வியாகரணம், மீமாஞ்சை, வேதாந்தம். எண்ணாயிரத்தின் பெருமையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த நெல் யாருடைய வயலில் விளைந்தது, அந்த வயலில் நின்றவர் பிள்ளைக்கு அங்கே இடம் இருந்ததா என்று கேட்டால் செனெகாவின் சுதந்திரனும் எண்ணாயிரத்து மாணவனும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். குமரிப் பக்கம் பார்த்திவசேகரபுரத்துச் சாலையில், அதாவது கல்விக்கூடத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, இடம் வைத்ததும் இதோடு சேரும்.

மதரஸா பகுதிக்கு வெளியூர் உதாரணமே தேவையில்லை. ஓதி முடித்தவருக்கு ஸனது வழங்கி, இனி நீ ஓதிக் கொடுக்கலாம் என்று அனுமதிப்பது இன்றும் நம் அரபுக் கல்லூரிகளில் நடக்கிறது. ஆசிரியர் பெயரோடு, அவருக்கு ஓதிக் கொடுத்தவர் பெயரும் சங்கிலியாக வரும். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் தந்த பாடம் சொல்லும் உரிமத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை வரலாற்றாசிரியர் ஜார்ஜ் மக்திஸி விரிவாக எழுதியிருக்கிறார். ஒன்றிலிருந்து ஒன்று வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. கீழக்கரையிலிருந்து ஓர் ஆலிமை அழைத்து ஸனது எப்படி எழுதப்படுகிறது என்று காட்டச் சொல்லியிருந்தால் கால் மணியில் எல்லாம் விளங்கியிருக்கும். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் வாழ்ந்த ஊர், மண்டபத்திலிருந்து அதிக தூரமில்லை.

பெர்லின் 1810. நெப்போலியனிடம் தோற்று ஹாலே பல்கலைக்கழகத்தையும் இழந்த பிரஷ்யா, வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட்டின் திட்டப்படி புதிதாக ஒன்றைக் கட்டியது. ஆசிரியர் மாணவருக்காக இல்லை, இருவரும் அறிவுத் தேடலுக்காக இருக்கிறார்கள் என்பது அவர் கொள்கை. 1852இல் டப்ளினில் பேசிய நியூமன் வேறு வழியில் போனார்: பல்கலைக்கழகத்தின் வேலை அறிவைப் பரப்புவது, புதிதாகக் கண்டுபிடிப்பதற்குத் தனி நிறுவனங்கள் இருக்கட்டும். இந்த இரண்டு வழிக்கும் மண்டபத்திலேயே சான்று உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் சென்னையில் தொடங்கி, 1949இல் இங்கே வந்தது; 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. பட்டப்படிப்பு மாணவர் கூட்டம் இல்லாத ஆராய்ச்சிக் கூடம். நியூமன் பிரித்த பிரிவுக்குள் சரியாக உட்காரும். ஊர்க்காரர் எல்லோரும் பார்த்துப் பழகிய அந்தக் கட்டடத்தைக் காட்டி, ஆராய்ச்சியும் கற்பித்தலும் பிரிந்ததால் இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏழாம் வாரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம். கையேடு அதை மெக்காலே நிறுவியதாகச் சொல்கிறது. இந்தியக் கல்வி பற்றிய மெக்காலேயின் குறிப்பு 1835, அவர் இந்தியாவை விட்டுப் போனது 1838. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றும் 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கையின் பிள்ளைகள், பிறந்தது 1857. மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அது அன்று பாடம் நடத்தாது, தேர்வு மட்டும் வைக்கும். சென்னையும் அப்படியே தொடங்கியது. பாடம் கல்லூரியில், கேள்வித்தாள் பல்கலைக்கழகத்தில். சொல்லித் தருகிறவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர் என்றானதும், அளப்பவர் கேட்பதை மட்டும் படிக்கும் பழக்கம் வேரூன்றியது. கைடு புத்தகத்தின் வம்சாவளி அங்கே தொடங்குகிறது. 1904 சட்டம்தான் பல்கலைக்கழகமே நேரடியாகக் கற்பிக்க வழி திறந்தது. நன்னூல் கணக்கில் சொன்னால் எடுத்துரைக்கும் அரைப் பங்கு அப்படியே காணாமல் போய், அதன் இடத்தில் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு உட்கார்ந்தது. இந்தப் பகுதியை வகுப்பு தெளிவாக விளக்குகிறது. ஆனால் விளக்கியவர் தானே 120 நிமிடம் பேசியது சரியில்லை.

இந்த வாரத்தின் பெரிய குறை, பாக்கு நீரிணைக்கு அந்தக் கரையை ஒருவரும் பார்க்காதது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டைக் குருமடத்தில் படித்தவர்கள். அமெரிக்க மிஷன் 1823இல் அங்கே தொடங்கிய அந்தப் பள்ளி நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளின் சாயலில் அமைந்தது. தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் ஒரே கூரையில். மூவழி, நால்வழி என்ற பழைய ஏழும் தமிழ் பேசும் மண்ணில் கல்லூரி உருவில் காலூன்றியது இந்தக் கரையிலிருந்து படகில் போகும் தூரத்தில். அதன் முதல்வர் டேனியல் பூர் 1836இல் மதுரைக்கு வந்தார். 1855இல் குருமடம் மூடப்பட்டது. தாமோதரம்பிள்ளை பின்னாளில் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் பதிப்பித்தார். கணக்கும் லத்தீன் வழி வந்த பாடத்திட்டமும் படித்த ஒருவர் ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு அச்சேற்றினார் என்பது கலைக்கல்வி எதற்கு என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கும் மிக உறுதியான விடை. எட்டு வாரப் பாடத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. அடுத்த ஆண்டு இதற்கு ஒரு முழு ஞாயிறு கொடுங்கள். முதல் வாரத்துப் பட்டிமன்றத்தை எடுத்துவிட்டால் நேரம் கிடைக்கும்.

எட்டாம் வாரம் பங்கேற்பவர்களின் முறை. ஆறு பேர் தலா 12 நிமிடம் பாடம் எடுக்கிறார்கள், வகுப்புக்கு வராத ஒருவருக்கு. அம்மாவையோ மைத்துனரையோ அழைத்து வந்து முன்னால் உட்கார வைக்கிறார்கள். கேட்டவர் எழுந்து தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் குறை பாடம் எடுத்தவருடையது. ஆறு பேருக்கு 72 நிமிடம், திருப்பிச் சொல்ல இன்னும் அரைமணி. மீதி 18 பேருக்கு அன்று வாய்ப்பில்லை என்பதுதான் குறை. எட்டாக, பத்தாக ஏற்றினாலும் தீராது. ஒவ்வொரு வாரமும் கடைசியில் மூன்று பேருக்கு இதைப் பிரித்துக் கொடுத்தால் எட்டு வாரத்தில் 24 பேரும் எடுத்து முடிப்பார்கள்.

எட்டு வாரமும் வர முடியாதவர்கள் இரண்டு முதல் ஐந்து வரையாவது வாருங்கள். பி.ஏ. சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வருகிற பிள்ளைகள் மூன்றாம் வாரத்தைத் தவறவிடக் கூடாது. தமிழ், வரலாறு, பொருளாதாரம் எதை எடுத்தாலும் உள்ளே நடக்க வேண்டிய வேலை எது என்று அங்கேதான் தெரியும். கையேட்டை வாங்கியதும் ஸ்பைரல் கம்பியைக் கழற்றி நூலால் தைத்துவிடுங்கள். உப்புக்காற்றில் அந்தக் கம்பி ஒரே மாதத்தில் துருப்பிடித்து ஓரப் பக்கங்களில் கறை ஏற்றுகிறது. ஐந்தாம் வாரத்துக்குத் தொப்பியும் தண்ணீரும் வேண்டும். தூக்குநூலுக்கான ஈயக்குண்டு அங்கே இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் கிடப்பதில் ஒன்றை எடுத்துப் போங்கள்.